இடைகழியில் ஒரு மேசை

கன்சோல் மேசை என்பது சுவரை ஒட்டி நிற்பதற்கென்றே செய்யப்படும் ஒடுங்கிய மேசை. நீளமும் உயரமும் மற்ற மேசைகளைப் போலத்தான். அகலம் மட்டும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். அதன் முன் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, எழுதுவதும் இல்லை. பின்பக்கத்தைப் பார்ப்பார் இல்லாததால் பல தச்சர்கள் அங்கே மெருகு பூசுவதைக்கூட விட்டுவிடுவார்கள். ஆஸ்திரேலியக் கடைகளில் இதற்கு ஹால் டேபிள் என்றும் பெயர். தமிழ்நாட்டில் ஹால் என்றால் கூடம். சிட்னியில் அந்தச் சொல் வாசற்கதவிலிருந்து வீட்டுக்குள் போகும் நடையைக் குறிக்கும். சிட்னிக்குப் புதிதாக வரும் தமிழ்க் குடும்பம் ஹால் டேபிளைக் கூடத்தின் நடுவே போட்டுவிட்டு, அது ஏன் அங்கே பொருந்தவில்லை என்று யோசிப்பதுண்டு.

கன்சோல் பிரெஞ்சுச் சொல். கட்டடக்கலையிலிருந்து மேசைக்கு வந்தது. கூரை விளிம்பையோ உப்பரிகையையோ தாங்குவதற்காகச் சுவரிலிருந்து வளைந்து நீளும் தாங்கிக்கு அந்தப் பெயர். தமிழ்க் கோயில் தூணின் தலையில் போதிகை செய்யும் வேலைக்கு நெருக்கமானது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், பதினான்காம் லூயி மன்னரின் பிரான்சில், இந்தத் தாங்கி தரைவரை இறங்கி மேசையின் காலாயிற்று. தொடக்கக் காலத்துக் கன்சோல் மேசைகளுக்கு முன்னங்கால்கள் மட்டுமே இருந்தன. பின்பாரத்தைச் சுவர் தாங்கியது. மேலே கனத்த பளிங்குப் பலகை கிடந்தது. 1678 முதல் 1684 வரை கட்டப்பட்ட வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குப் பிறகு பெரிய நிலைக்கண்ணாடிகள் பிரபுக்களின் மோகமாயின. இரண்டு சாளரங்களுக்கு நடுவிலுள்ள சுவரில் உயரமான கண்ணாடி, அதன் கீழே கன்சோல் மேசை, அதன்மேல் மெழுகுவர்த்திக் கொத்து என்ற அடுக்கு அப்போது உருவானது. பகலில் சாளரம் தரும் வெளிச்சத்தை இரவில் அதே சுவரே தந்தது. ஒரு சுடரைக் கண்ணாடி இரண்டாக்கியது. இன்று உள்ளலங்காரப் புத்தகங்கள் விதியாகச் சொல்லும் 'மேசைக்கு மேல் கண்ணாடி, பக்கத்தில் விளக்கு' என்பது மின்சாரம் இல்லாத காலத்து வெளிச்சச் சிக்கனத்தில் பிறந்தது.

இங்கிலாந்து இந்த மேசையை 18ஆம் நூற்றாண்டில் ஏற்றுக்கொண்டது. விக்டோரியா அரசியின் காலத்தில் நடுத்தர வர்க்க வீடுகளின் நடையில் அதன் ஏழை உறவினர் ஒன்று வந்து நின்றது: கண்ணாடியும் தொப்பிக் கொக்கிகளும், ஈரக் குடையின் நீர் வடியத் தட்டும், வந்துபோனவர் விட்டுச் செல்லும் முகவரி அட்டைக்கு ஒரு தாம்பாளமும் ஒன்றாய்ச் சேர்ந்த மரச்சட்டகம். ஆஸ்திரேலியாவின் பழைய வீடுகளில் நீண்ட நடுநடை இருந்ததால் அங்கும் அது இடம்பிடித்தது. வெளியிலிருந்து வருபவர் தெருவைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைவதற்கான இடம் அது. பிரெஞ்சு அரண்மனையில் காட்சிப்பொருளாக இருந்தது இங்கே வேலைக்காரனாயிற்று. இன்றைய கன்சோல் மேசைக்கு இந்த இரண்டு குணங்களும் உண்டு. அதை அலங்கரிப்பதில் வரும் குழப்பமெல்லாம் இரண்டில் ஒன்றை மறப்பதால் வருவது.

இந்த மேசையைச் சிட்னியின் புறநகரான செவன் ஹில்ஸில் வைத்துப் பார்க்கலாம். அது நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலும் பிளாக்டவுன் நகராட்சிக்குள் இருக்கிறது. தாருக் என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்ஆர்தர் குடும்பத்தின் ஆட்டுப் பண்ணை இங்கே இருந்தது. ஏழு குன்று என்று பொருள்படும் பெயரைக் கேட்டதும் தமிழர் மனம் ஏழுமலையானிடம் போய்விடும். ஊரில் உள்ளவை சிறு மேடுகள்தான். ரயிலில் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி தாண்டினால் அடுத்த நிறுத்தம் செவன் ஹில்ஸ். ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் நெருக்கமாய் வாழும் தடம் இது. மேஸ் ஹில்லில் உள்ள முருகன் கோயிலும் தொலைவில் இல்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியா முழுவதிலும் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000 பேருக்குச் சற்று மேல்.

ஊரின் வீடுகளை அவற்றின் வாசலைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம். போருக்குப் பிந்தைய 1950, 60களில் அரசு வீட்டுவசதி ஆணையம் கட்டிய சிறு வீடுகள் முதல் வகை. சுவரில் மரப்பலகையோ, ஃபைப்ரோ எனப்படும் சிமென்ட் தகடோ அறைந்தவை. இவற்றில் பலவற்றின் வாசற்கதவு நேராகக் கூடத்துக்குள் திறக்கும். நடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அடுத்துவந்த செங்கல் முகப்பு வீடுகளில் கதவைத் திறந்ததும் கையகல நடை இருக்கும். மூன்றாவது வகை, பழைய மனையைப் பிரித்து அண்மைக் காலத்தில் எழுப்பப்பட்ட இரட்டை வீடுகளும் டவுன்ஹவுஸ்களும். கார் கொட்டகையின் பக்கச் சுவரை ஒட்டி நீண்ட ஒடுங்கிய நடை ஓடி, கடைசியில்தான் வெளிச்சம் தெரியும். கன்சோல் மேசையை எங்கே போடுவது, போடலாமா என்பதே இந்த மூன்றிலும் வேறு வேறு கேள்வி.

தமிழ் வீட்டுக்கு இந்த இடம் புதிதல்ல. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் இடம் விடுவது அதன் பழைய வழக்கம். தஞ்சைப் பக்கத்து வீட்டில் திண்ணையைத் தாண்டினால் ரேழி, அதாவது இடைகழி. யாழ்ப்பாணத்தில் படலைக்கே கூரை போட்டு வழிப்போக்கன் ஒதுங்க இடம் விட்டார்கள். சங்கடப்படலை என்று பெயர். அங்கே தண்ணீர்ப் பானையும் இருக்கும். இடைகழி எவ்வளவு குறுகியது என்பதற்குத் திருக்கோவலூர்க் கதையே அளவுகோல். மழை இரவில் பொய்கையாழ்வார் ஒதுங்கியபோது ஒருவர் படுக்க இடமிருந்தது. பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றார்கள். பிறகு நான்காவதாக ஒருவர், திருமால், நெருக்குவதை உணர்ந்தார்கள். வைணவ மரபில் தமிழ்ப் பக்திப் பாடலின் முதல் மூன்று அந்தாதிகளும் அந்த நெருக்கத்தில் பிறந்தவை. வருகிறவருக்கு இடம் கொடுப்பதற்காக இருப்பவர் ஒடுங்கிக்கொள்வதே இடைகழியின் நெறி. அங்கே போடும் மேசைக்கும் அதுவே பொருந்தும்.

மேசையும் புதிதல்ல. யாழ்ப்பாணத்துத் திருமண வீட்டு வாசலில் வெள்ளை விரித்த சிறு மேசையில் வாழையிலை போட்டு, நெல்லோ அரிசியோ பரப்பி, நிறைகுடம் வைப்பார்கள். மாவிலை செருகி முடித்தேங்காய் வைத்த குடம் நடுவில். இரு பக்கமும் குத்துவிளக்கு. முன்னால் விபூதி, சந்தனம், குங்குமம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பன்னீர்ச் செம்பு. தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தின் வரவேற்பு மேசையில் கற்கண்டுத் தட்டும் பூத்தட்டும் சேர்ந்துகொள்ளும். நடுவில் ஓங்கிய ஒன்று, இருபுறமும் இணையான சுடர்கள், கைக்கெட்டும் தூரத்தில் சிறு பொருட்கள் என்ற இந்த அடுக்கு வெர்சாய் மேசையின் அடுக்கும்கூட. வேறுபாடு முன்வரிசையில் இருக்கிறது. பிரெஞ்சு மேசை பார்ப்பதற்கு. நிறைகுட மேசையில் வந்தவர் கை நீட்டித் தொட்டு எடுக்கிறார். சந்தனக் கிண்ணத்தில் விரல் பட்ட தடம் விழுந்தால்தான் மேசை தன் வேலையைச் செய்ததாகப் பொருள்.

செவன் ஹில்ஸ் வீட்டில் திண்ணை இல்லை, சங்கடப்படலை இல்லை, சுவரில் விளக்கு மாடமும் இல்லை. அவை செய்த வேலைகளில் மிஞ்சியதெல்லாம் முப்பது சொச்சம் சென்டிமீட்டர் பலகையின்மேல் வந்து விழுகின்றன. கார்ச் சாவி, ரயில் அட்டை, பள்ளிக்கூடக் கடிதம், நகராட்சிக் கட்டணச் சீட்டு, கோயிலில் வாங்கிய விபூதிப் பொட்டலம் எல்லாம் அதில் அடக்கம். ஆகவே முதலில் அளவு.

கடைகளில் கிடைக்கும் மேசைகள் பெரும்பாலும் 75 முதல் 85 சென்டிமீட்டர் உயரமும் 30 முதல் 40 சென்டிமீட்டர் அகலமும் 90 முதல் 150 சென்டிமீட்டர் நீளமும் கொண்டவை. உயரம் இடுப்பளவு என்பதால் நின்றபடியே பொருளை வைத்து எடுக்கலாம். அளக்க வேண்டியது மேசையை விட்டபின் மிஞ்சும் வழியை. 110 சென்டிமீட்டர் நடையில் 30 சென்டிமீட்டர் மேசை போட்டால் மிஞ்சுவது 80. இரு கையிலும் அரிசிப் பையோடு வருபவர் இடிபடாமல் போகக் கிட்டத்தட்ட இவ்வளவு வேண்டும். குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ புழங்கும் வீட்டுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நடையே 90 சென்டிமீட்டர்தான் என்றால் மேசை வேண்டாம்; சுவரில் ஒரு சாணுக்கும் குறைவான பலகைத் தட்டு போதும், முதற்கன்சோலும் சுவரைப் பிடித்து நின்றதுதானே. கதவு திறக்கும் வளைவுக்குள் மேசை நிற்கக் கூடாது. நடையே இல்லாத பழைய ஃபைப்ரோ வீட்டில் சோபாவின் முதுகுப்புறம் ஒரு கன்சோலைப் போட்டால், சுவர் எழுப்பாமலே வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஓர் இடைகழி உண்டாகிவிடும்.

மேசையின் மரத்தை அதன் பெயரை வைத்து நம்ப முடியாது. டாஸ்மேனியன் ஓக் என்று விற்கப்படுவது ஓக் மரமே அல்ல. டாஸ்மேனியாவிலும் விக்டோரியாவிலும் வளரும் மூன்று வகை யூகலிப்டஸ் மரங்களுக்குச் சேர்த்து வைத்த வணிகப் பெயர். தமிழ்க் கண்ணுக்குத் தேக்கை நினைவூட்டும் வெளிர் பழுப்பு நிறம் அதற்கு. விலை குறைந்த மேசைகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் மரத்தாள் ஒட்டியவை. பூச்சாடித் தண்ணீர் ஓரத்தில் இறங்கினால் ஊதிவிடும். பளிங்குத் தலை கொண்ட மேசைக்குப் புளிப்பு எதிரி. விளக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் சாறு ஒரே நாளில் மெருகை அரித்து மங்கலான வட்டத்தை விட்டுப்போகும். வெள்ளை லாமினேட்டில் மஞ்சள் கறையும் குங்குமக் கறையும் எளிதில் போகாது. நிறைகுடத்துக்கு வாழையிலையும் பூசைக்குத் தாம்பாளமும் வைத்த வழக்கத்தை இங்கும் தொடர்வது நல்லது. சிறியதெல்லாம் ஒரு பித்தளைத் தட்டுக்குள் இருந்தால் மேசையும் கெடாது, சிதறலும் ஒரே பொருள்போல் தெரியும்.

அடுத்தது சுவர். ஆஸ்திரேலிய வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்ரொக் எனப்படும் ஜிப்சம் பலகை அறைந்தது; தட்டினால் வெற்றொலி கேட்கும். சட்ட மரங்கள் 450 அல்லது 600 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும். கனத்த கண்ணாடியின் ஆணி அந்த மரத்தில் இறங்க வேண்டும். வெறும் ஜிப்ரொக்கில் அறைந்த ஆணி ஒருநாள் கண்ணாடியோடு கழன்று வரும். செவன் ஹில்ஸின் பழைய ஃபைப்ரோ வீடுகளில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1980களின் நடுப்பகுதிவரை கட்டப்பட்ட வீடுகளின் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதை முற்றாகத் தடைசெய்தது 2003 டிசம்பர் 31 அன்றுதான். அத்தகைய தகட்டில் துளைபோடுவது நுரையீரலுக்கு ஆபத்து. சோதித்துத் தெரிந்துகொள்ளாதவரை கண்ணாடியை மேசைமேல் நிறுத்திச் சுவரில் சாய்த்து வைப்பதே சரி. அதுவும் சறுக்காமல் அடியில் ரப்பர் ஒட்டி.

வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 2020 மார்ச் முதல், படம் மாட்டும் ஆணி, கொக்கி, திருகு போன்ற சிறு மாற்றங்களுக்கும், ஓடு பதிக்காத சுவரோடு தளபாடத்தைப் பாதுகாப்புக்காகப் பிணைப்பதற்கும் வீட்டுக்காரர் நியாயமான காரணமின்றி மறுக்க முடியாது. எழுத்தில் கேட்டுத்தான் செய்ய வேண்டும். போகும்போது துளையை அடைத்துத் தருவதும் குடியிருந்தவர் பொறுப்பு. பிணைப்பது வீண் எச்சரிக்கையல்ல. கவிழக்கூடிய தளபாடங்களுக்கு எச்சரிக்கைக் குறிப்பு கட்டாயம் என்ற ஆஸ்திரேலிய விதி 2025 மே 4 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஹால் டேபிள்களும் அதில் சேர்த்தி. ஒடுங்கிய பலகை, உயர்ந்த கால், மேலே கனம் என்றிருக்கும் மேசையின் விளிம்பைப் பிடித்து எழும் குழந்தைக்கு அது முதல் மரம், ஏறிப் பார்க்கும். சுவரோடு ஒரு பட்டையால் பிணைத்துவிட்டால் போதும்.

வெயில் எந்தத் திசையிலிருந்து விழும் என்ற தமிழ்ப் பழக்கக் கணக்கைச் சிட்னியில் திருப்பிப் போட வேண்டும். தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் நிற்கும். ஜூன் மாதத்தில் அது அடிவானத்திலிருந்து 33 பாகைக்குமேல் எழாது. ஆகவே வடக்குச் சாளரத்தின் வழியே குளிர்கால வெயில் நடையின் உள்சுவர்வரை நீளும். டிசம்பரில் கிட்டத்தட்ட உச்சிக்கே ஏறிவிடுவதால் உள்ளே வராது. வடக்குச் சாளரத்துக்கு எதிரே கன்சோலைப் போட்டு அதன்மேல் நீர்வண்ண ஓவியத்தையோ பழைய புகைப்படத்தையோ மாட்டினால், ஆறேழு குளிர்காலத்தில் நிறம் வெளுத்துப்போகும். அந்த இடத்துக்குப் பித்தளையும் கல்லும் மண்பாண்டமும் பொருத்தம். வெயில் படாத சுவரில் படத்தை மாட்டி, அந்தச் சுவரின் இருட்டைப் போக்க மேசைவிளக்கு வைக்கலாம்.

மேசைக்கு மேல் என்ன வைத்தாலும், அதன் அகலம் மேசை நீளத்தில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்குவரை இருந்தால் கண்ணுக்கு இதம். 120 சென்டிமீட்டர் மேசைக்கு 80 அல்லது 90 சென்டிமீட்டர் கண்ணாடி. மேசைக்கும் சட்டத்தின் கீழ்விளிம்புக்கும் இடையே ஒரு சாணுக்குள், 15 முதல் 20 சென்டிமீட்டர். இடைவெளி அதைவிடக் கூடினால் இரண்டும் தனித்தனிப் பொருளாகிவிடும். ஊரில் படங்களை நிலைக்கு மேலே, கூரையை ஒட்டி, முன்பக்கம் சாய்த்து வரிசையாக மாட்டும் வழக்கம் இருந்தது. கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்க்க அந்தச் சாய்வு உதவியது. நடையில் பார்ப்பவர் நின்றுகொண்டிருக்கிறார். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். கண்ணாடி எதைக் காட்டுகிறது என்பதையும் மாட்டுமுன் பார்த்துவிட வேண்டும். குளியலறைக் கதவை இரண்டாக்கிக் காட்டும் கண்ணாடியால் பயனில்லை. கொங்குநாட்டிலும் குமரியிலும் சித்திரை முதல் நாளில் கனிகாணத் தட்டின் பின்னே கண்ணாடி வைப்பவர்கள் இதை அறிவார்கள்: கண்ணாடியின் மதிப்பு அதன் முன்னால் வைத்ததில் இருக்கிறது.

பொருட்களை அடுக்கும் இலக்கணத்துக்குக் கொலுவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கொலுப்படி 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் அமையும். பின்னது உயர்ந்து முன்னது தாழ்வதால் ஒன்றும் இன்னொன்றை மறைக்காது. உச்சியில் கலசம், கீழ்ப்படியில் செட்டியார் பொம்மையும் அவர் கடையும். கன்சோல் ஒற்றைப் படி. அதில் உயர வேறுபாட்டை உண்டாக்க இரண்டு மூன்று கனத்த புத்தகங்களைப் படுக்கவைத்து அவற்றின்மேல் ஒரு பொருளை நிறுத்தலாம். இணையாக இரண்டு வைத்தால் பார்வை நடுவில் நின்றுவிடும். நிறைகுடத்தில் அது வேண்டியதே, சடங்குக்கு அந்த நிலைப்பு தேவை. அன்றாட மேசைக்கு மூன்றோ ஐந்தோ பொருட்கள், ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து சரிந்தால், கண் அந்தச் சரிவில் இறங்கிக் கடைசியில் காலியிடத்துக்கு வந்துசேரும். அந்தக் காலியிடம்தான் சாவிக்குரியது.

செவன் ஹில்ஸ் டவுன்ஹவுஸ் ஒன்றின் 120 சென்டிமீட்டர் மேசையை எடுத்துக்கொண்டால் அடுக்கு இப்படி அமையலாம். இடக்கோடியில் 60 சென்டிமீட்டர் உயர விளக்கு, மஞ்சளொளிக் குமிழோடு. தரையருகே உள்ள பவர் பாயின்ட்டையும் வயரையும் மேசைக்கால் மறைத்துவிடும். விளக்கை ஒட்டிப் படுத்த புத்தகங்கள்மேல் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை. நடுவுக்குச் சற்று விலகி, தண்ணீரில் பூ மிதக்கும் சிறிய உருளி. வலப்பக்கம் ஒரு பித்தளைத் தாம்பாளம், அதில் ஒன்றும் இல்லை. வெளிக்கதவை யாராவது வேகமாக அடைத்தால் மெல்லிய மரத்தரை அதிர்ந்து, பொம்மை தலையை ஆட்டத் தொடங்கும். போனவர் கார் தெருமுனை திரும்பும்வரை ஆடிக்கொண்டிருக்கும். வழியனுப்புவதற்கென்றே அங்கே ஒருத்தி நிற்பதுபோல் இருக்கும். அலங்காரப் பொருள் ஒன்று தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்வது இப்படித்தான்.

பொருட்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை வார்ப்பு, தஞ்சாவூர்த் தட்டு போன்ற உலோகப் பொருட்களுக்கு விமானத்தில் எடைதான் தடை. மரப் பொம்மை, சிப்பி, விதைமாலை, உலர்பூ ஆகியவற்றைச் சிட்னி விமான நிலையத்தில் அறிவித்தே ஆகவேண்டும்; பூச்சி அரிக்காத, மெருகிட்ட மரப்பொருள் பெரும்பாலும் சோதனைக்குப் பின் கையில் கிடைத்துவிடும், மறைத்தால்தான் தண்டம். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. கொண்டுவர ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் வீட்டு மேசையில் இருப்பது பிறகு வாங்கிய செம்போ, உறவினர் வீட்டிலிருந்து படியெடுத்த ஒரே குடும்பப் படமோதான். அத்தகைய படத்தைச் சுற்றி வேறெதையும் அடுக்காமல் விடுவதே அதற்குச் செய்யும் அலங்காரம்.

படங்களில் உயிரோடிருப்பவர் படமும் மறைந்தவர் படமும் ஒரே வரிசையில் நிற்பதைத் தமிழ் வீடு விரும்பாது. மாலையும் சந்தனப்பொட்டும் வைத்த படத்துக்கு உள்ளே தனிச்சுவர் உண்டு. பைகளும் தலைக்கவசமும் வந்து விழும் மேசை அதற்கு இடமல்ல. இதைவிடக் கடினமான சிக்கல் மேசைக்குக் கீழே இருக்கிறது. ஆஸ்திரேலிய வீட்டில் கன்சோலின் அடித்தட்டு காலணிக்கு வாகான இடம். செருப்பை வாசலிலேயே கழற்றும் தமிழ் வீட்டுக்கு அது மிகவும் வேண்டிய இடம். மேற்பலகையோ, வாசல் பார்த்து இருப்பதால், பிள்ளையாருக்கு வாகானது. மேலே பிள்ளையாரும் கீழே செருப்பும் ஒருசேர இருக்க முடியாது. பல வீடுகளில் இது பேசித் தீராத வழக்காகவே இருக்கும்: பாட்டி காலணிகளை வெளியே தள்ளுவார், மழை வந்ததும் பேரன் உள்ளே இழுப்பான். தீர்வு ஒன்றைத் தேர்வதுதான். பிள்ளையார் வைப்பதானால் அடியில் குடைக்கூடை, போர்வைப் பெட்டி. காலணிக்குக் கதவின் வெளியே மூடிய அலமாரி. செருப்பு உள்ளேதான் என்றால் மேலே பூவும் விளக்கும் பொம்மையும் போதும். சாமி தன் அறையிலேயே இருக்கட்டும்.

சுடரையும் யோசித்து வைக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2006 மே முதல் எல்லா வீட்டிலும் தளத்துக்கு ஒன்றாகப் புகை அலாரம் கட்டாயம். நடையின் கூரைதான் அதற்கு வழக்கமான இடம். கன்சோலில் கற்பூரம் ஏற்றினால் வீடே அலறும். கதவு திறந்ததும் காற்று ஊதும் இடம் என்பதால் எண்ணெய் விளக்கும் அங்கே நிற்காது. குத்துவிளக்கைத் துலக்கித் திரியில்லாமல் வைப்பதிலோ, கண்ணாடிக் கூண்டுக்குள் சிறு மின்விளக்கு வைப்பதிலோ குறையில்லை. கார்த்திகை தீபத்தன்று மட்டும், வீட்டார் அருகில் நிற்க, வாசற்படியில் அகல் ஏற்றலாம். அப்போது சிட்னியில் கோடைகால நேரம் நடப்பதால் இருட்ட எட்டு மணி ஆகிவிடும்.

பருவங்களும் இங்கே தலைகீழ். நவராத்திரி வசந்தத்தில் வருகிறது. அதற்குச் சற்றுமுன், ஆகஸ்டு செப்டம்பரில், வாட்டில் மரம் மஞ்சளாய்ப் பூத்திருக்கும், ஒரு கொத்தைச் செம்பில் நிறுத்தினால் சரக்கொன்றை நினைவுக்கு வரும். நவம்பரில் ஜக்கரண்டா ஊதாவாய் உதிரும். பொங்கல் கொடுங்கோடையில் வரும். செவன் ஹில்ஸுக்கு மேற்கே உள்ள பென்ரித்தில் 2020 ஜனவரி 4 அன்று வெயில் 48.9 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் சாடிப் பூ அரைநாள் தாங்காது; தண்ணீர் ததும்பும் உருளியில் மிதக்கும் பூ சற்றுக் கூடுதலாக நிற்கும். குளிர்காலத்தில் பூ வாங்கத் தேவையில்லை. கொல்லையில் வளர்த்த மாமரத்தின் நான்கு இலை ஒரு செம்பில் நின்றாலே மேசை நிறைந்துவிடும்.

பராமரிப்பு இரண்டு வேலைதான். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கினால் புளிப்பு கறுப்பை எடுத்துவிடும். நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைக்காவிட்டால் அதே புளிப்பு பச்சைக் களிம்பை வரவழைக்கும். துலக்குவதை மேசைமேல் செய்யாமல் சமையலறைத் தொட்டியில் செய்ய வேண்டும். இரண்டாவது வேலை வாரம் ஒருமுறை மேசையைக் காலி செய்வது. கட்டணச் சீட்டும் விளம்பரத் தாளும் பழைய விபூதிப் பொட்டலமும் தானாகவே வந்து சேரும், தானாகப் போவதில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துவிட்டு, திரும்ப வைக்கும்போது கை எதை எடுக்கத் தயங்குகிறதோ அதை வைக்காமல் விட்டுவிடலாம்.

அலங்காரம் சரியாக அமைந்ததா என்பதற்குச் சோதனை ஒன்றே. இரவில், இரு கையிலும் பையோடு கதவைத் திறந்து வருபவர், விளக்கைப் போடுமுன்னே சாவியை வைக்க அந்த மேசையில் ஒரு சாண் இடம் இருக்க வேண்டும்.